காட்சியும் கால்கோளும்: ஒரு விண்வெளி ஆட்டத்தில் தேடல் முறை மாறிய வரலாறு

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டித் தருமபுரியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

நடுகற்கள் நிறைந்த மண்ணில், கவிஞர்கள் கூடிய அவையில், கணிப்பொறி விளையாட்டு ஒன்று பேசுபொருளாவது சிலருக்கு வியப்பையும் சிலருக்குச் சற்று வருத்தத்தையும் தரக்கூடும். ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பதில் குற்றமில்லை. அவையோர் நன்கறிந்த ஒரு செய்தியிலிருந்து தொடங்கினால் அந்த வியப்பு ஓரளவு தணியும். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு படிகளாக வகுத்துரைக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்பன அவை. கல்லை நடுவதும் அதை வாழ்த்துவதும் பின்னால் வருபவை. முதற்படி, ஏற்ற கல்லைத் தேடிச்சென்று காண்பது. இரண்டாம் படி, கண்ட கல்லைக் கைக்கொள்ளத் தொடங்குவது. காண்பது வேறு, கொள்வது வேறு என்று பழைய இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. இடையில் ஒரு கோடு கிழித்து, அதற்கு இப்பால் ஒரு பெயரும் அப்பால் ஒரு பெயரும் இட்டிருக்கிறது.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கும் ஃபிரண்டியர் டெவலப்மென்ட்ஸ் என்னும் நிறுவனம் தன் விண்வெளி ஆட்டத்தில் ஏறத்தாழ இதே கோட்டைக் கிழித்தது. அதுவரை ஒரே செயலாக இருந்த கண்டறிதல் அன்று பல செயல்களாகப் பிரிந்தது. அதனால் எழுந்த பூசல் ஆட்டக்காரர்களிடையே நெடுநாள் ஓயவில்லை. ஒரு விளையாட்டின் விதியை மாற்றியதற்கு வயது வந்தோர் இத்தனை மனம் நொந்தது ஏன் என்று பார்க்கப்போனால், பேச்சு விளையாட்டோடு நிற்பதில்லை.

அந்த ஆட்டத்தின் பெயர் எலைட் டேஞ்சரஸ். அதன் மூலம் 1984இல் வெளிவந்த எலைட் என்னும் ஆட்டம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த டேவிட் பிரேபன், இயான் பெல் ஆகிய இருவர் அதைப் பிபிசி மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிக்காக எழுதினர். அப்பொறியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போல் பன்மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிற்றிடத்துக்குள் அவர்கள் எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலத்துக்கு 256 உலகங்களாக, வைத்துக் காட்டினர். எந்த உலகத்தையும் அவர்கள் எழுதிச் சேமித்து வைக்கவில்லை. சில வித்தெண்களை மட்டும் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட கணக்கின்படி அவற்றைப் பெருக்கினால் உலகங்களும் அவற்றின் பெயர்களும் பொருள்களின் விலைகளும் தாமே முளைத்தன. ஆலம் வித்துக்குள் மரம் இருப்பதாகச் சொல்லும் மரபினருக்கு இது எளிதில் விளங்கும். முதலில் அவர்கள் எண்ணிய மண்டலங்களின் தொகை எட்டன்று. 281 லட்சம் கோடிக்கு மேல். அத்தனையும் கொடுத்தால் எல்லாம் ஒன்றுபோல் இருப்பது வெளிப்பட்டுவிடும் என்று அதை வெளியிட்ட அக்கார்ன்சாஃப்ட் நிறுவனத்தார் எடுத்துச்சொல்ல, எட்டோடு நிறுத்திக்கொண்டனர். பாட்டை எங்கே முடிப்பது என்று தெரிந்த பதிப்பாளர் வாய்ப்பது எல்லார்க்கும் கிட்டும் பேறன்று.

முப்பது ஆண்டு கழித்து, 2014 டிசம்பர் 16 அன்று, எலைட் டேஞ்சரஸ் வெளிவந்தது. இம்முறை எண்ணிக்கையில் அடக்கம் காட்டவில்லை. பால்வழி மண்டலம் முழுவதையும் அதன் உண்மை அளவிலேயே, 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு, படைக்க முற்பட்டனர். வானியலார் பட்டியலிட்டு வைத்துள்ள விண்மீன்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை அவற்றுக்குரிய இடங்களிலேயே வைக்கப்பெற்றன. எஞ்சியவற்றை, நிறை, வயது, பொருள் அளவு ஆகியவற்றைக் கொண்டு இயற்பியல் விதிப்படி கணக்கிட்டு உருவாக்கும் பணி ஒரு நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தக் கணக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2017 பிப்ரவரியில், ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கலான விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக வானியலார் அறிவித்தனர். ஆட்டத்தின் வரைபடத்தில் அதே பகுதியில் பார்த்தபோது, நிரல் தானாகப் படைத்திருந்த ஒரு மங்கிய விண்மீனும் அதனைச் சுற்றி ஏழு பாறைக் கோள்களும் முன்னமே இருந்தன. நிறுவனத்தார் விவரங்களைச் சற்றுத் திருத்திப் பெயரை மாற்றினால் போதுமாயிற்று.

இத்தகைய வெளியில் ஆட்டக்காரர் பலவகைத் தொழில் செய்யலாம். வாணிகம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், கொள்ளையரை வேட்டையாடலாம். சிலர் இவை எதையும் நாடாமல், மக்கள் குடியேறிய சிறு வட்டத்தைத் தாண்டி, எவரும் செல்லாத திசையில் தனியே கலத்தைச் செலுத்திக்கொண்டு போனார்கள். அவர்களே தேடலர். இந்த உரைக்குரியோரும் அவர்களே.

தொடக்கத்தில் தேடலரின் கருவி மூவகைப்பட்டது. ஆயிரம் காசுக்குக் கிடைத்த எளிய கருவி 500 ஒளிநொடித் தொலைவு வரை பார்க்கும். ஐந்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள இடைநிலைக் கருவி 1,000 ஒளிநொடி வரை பார்க்கும். பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் உயர்நிலைக் கருவிக்கு எல்லையே இல்லை. ஓர் ஒளிநொடி ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் இந்த அளவுகளின் பெருமை புலப்படும். புதிய விண்மீன் ஒன்றை அடைந்ததும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கப்பற்சங்கு போன்ற ஓர் ஓசை எழும். ஆட்டக்காரர்கள் அதற்கு 'ஹாங்க்' என்று பெயரிட்டனர்; தொப்பூர்க் கணவாயில் லாரிக்காரர் அடிக்கும் ஹாரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஓசை அடங்கியதும், உயர்நிலைக் கருவி உடையவருக்கு அந்த விண்மீனைச் சுற்றும் அனைத்தும் படங்களாக விரியும். வளையம் சூழ்ந்த பெருங்கோள், அதன் துணைக்கோள்கள், ஓரத்தில் ஒதுங்கிய பனி உருண்டை என எல்லாம் ஒரே பார்வையில். அவற்றுள் ஏதேனும் ஒன்றின் விவரம் வேண்டுமெனில், கலத்தை அதனருகே செலுத்தி, முகத்தை அதன்பால் திருப்பிக் காத்திருக்க வேண்டும். அருகே செல்வது சொல்வதுபோல் எளிதன்று. சில கோள்கள் பல்லாயிரம் ஒளிநொடிக்கு அப்பால் கிடந்தன. அரை மணி நேரம் வெற்று வெளியைப் பார்த்துக்கொண்டு செல்வதும் உண்டு. ஆகவே பெரும்பாலோர் மண்ணுலகை ஒத்தவை, நீருலகங்கள் போன்ற விலை மிகுந்தவற்றை மட்டும் நாடினர். விலைபோகாத பனிக்கோள்களைத் திரும்பிப் பார்ப்பார் அரியர்.

கண்ட விவரத்தை நிலையம் ஒன்றில் விற்றால் பொருள் கிடைக்கும். அதனினும் மேலாக, முதலில் விற்றவருடைய பெயர் அந்த உலகத்தின் விவரப் பக்கத்தில் 'முதலில் கண்டவர்' என்று பொறிக்கப்படும். பின்னர் வருவோர் எவரும் அதைப் படிக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெயர் முதலில் கண்டவருக்கு உரியதன்று; கண்டு, மீண்டு வந்து, விற்றவருக்கே உரியது. திரும்பும் வழியில் கலம் உடைந்தால் அதுவரை திரட்டிய காட்சிகள் அனைத்தும் அழியும். ஆறு மாதம் அலைந்து, ஈர்ப்பு மிகுந்த ஒரு கோளில் இறங்கும்போது கைப்பிழையால் எல்லாவற்றையும் இழந்தோர் பலர்.

2018 டிசம்பர் 11 அன்று வந்த மாற்றத்தில் மூவகைக் கருவிகளும் ஒழிந்தன. எல்லாக் கலங்களுக்கும் ஒரே கண்டறி கருவி இயல்பாக அமைந்தது. சங்கோசை அப்படியே இருந்தது. ஆனால் அதன் முடிவில் விரிந்த படங்கள் மறைந்தன. எத்தனை உருண்டைகள் உள்ளன என்ற தொகையும், அலைமாலை ஒன்றில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடும் மட்டுமே கிட்டின. அதன்பின் கலத்தின் விரைவைக் குறைத்து, முழு அலைமாலைக் கருவி என்னும் புதிய கருவியைத் திறக்க வேண்டும். நீலவெளி ஒன்று கண்முன் விரியும். கீழே ஓர் அளவுகோல். அதில் முள்ளை நகர்த்த நகர்த்த, பாறைக் கோள்கள் ஓரிடத்திலும் பனிக்கோள்கள் ஓரிடத்திலும் வளிப்பெருங்கோள்கள் ஓரிடத்திலுமாகக் குறி காட்டும். முள் சரியான இடத்தில் நின்றால் வெளியில் ஒரு புள்ளியை நோக்கி அம்புமுனைகள் குவியும். அப்புள்ளியை நோக்கிப் பார்வையைக் கூர்மையாக்கினால் மங்கல் நீங்கி ஓர் உலகம் தெளியும். கோளின் வகைக்கேற்ற ஒலியும் உடன் கேட்கும்.

பழைய வால்வு வானொலிப் பெட்டியில் இரவு நேரத்தில் இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்தவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். முள்ளை மயிரிழை நகர்த்தினால் இரைச்சல். மறுபுறம் மயிரிழை நகர்த்தினால் வேற்று மொழி. இரண்டுக்கும் நடுவே எங்கோ பாட்டு. புதிய கருவியின் இயல்பு அதுவே. நாளடைவில் கைதேர்ந்த தேடலர்கள், பார்வையைக் கூர்மையாக்கும் முன்பே, கோட்டின் வளைவைக் கொண்டும் காதில் விழும் ஒலியைக் கொண்டும் இன்ன வகை உலகம் என்று சொல்லக் கற்றனர்.

மேற்பரப்பை அறியும் முறையும் மாறியது. முன்பு நெருங்கிச் சென்று நோக்கிக் காத்திருந்தால் போதும். இப்போது கோளைச் சுற்றி ஆய்வுக்கணைகளை எய்ய வேண்டும். ஈர்ப்பினால் அவை வளைந்து, கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்திலும் சென்று விழும். எத்தனை கணையில் முழுக் கோளையும் மூட வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. அதற்குள் முடித்தால் கூடுதல் பொருள். முடித்தவர் பெயர் 'முதலில் வரைந்தவர்' என்று இரண்டாம் வரியில் பொறிக்கப்படும். அதாவது கண்டவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர் என்று ஓர் உலகத்துக்கு இரண்டு பெயர்கள் வரலாயின.

இம்மாற்றத்தைப் பற்றி இருதரப்பாரும் சொன்னவற்றுள் எது சரி என்று ஒரே சொல்லில் தீர்ப்பது கடினம். எதிர்த்தவர்களில் பலர் பழந்தேடலர். சோம்பலால் அவர்கள் எதிர்த்தார்கள் என்று சொன்னவர்கள் அவர்களை அறியாதவர்கள். அவர்கள் இழந்தது ஒருங்கே காணும் காட்சி. வத்தல்மலை உச்சியேறி நின்றவர் கீழே வயலும் ஏரியும் ஊரும் சாலையும் ஒரே விரிப்பாகக் கிடப்பதைக் காண்கிறார். முழுமையைக் கண்டபின்தான், அந்த ஏரிக்கரையில் ஏதோ புதுமை தெரிகிறதே, இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பழைய முறையில் தேடலர் செய்தது அதுவே. படங்கள் விரிந்ததும் ஒரு பார்வை. வளையத்தை உரசிச் செல்லும் துணைக்கோள், ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள் என ஏதேனும் இயல்புக்கு மாறாகக் கண்ணில் பட்டால் அங்கே செல்வர்; இல்லையேல் அடுத்த விண்மீன். எதைத் தேடுவது என்பதை அவர்களுடைய கண்ணே தீர்மானித்தது. புதிய முறையிலோ ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து முடித்த பின்னரே முழுமை கிடைக்கிறது. ஊரைச் சுற்றி முடித்தவனுக்குத்தான் மலையுச்சி என்று விதி செய்தது போலாயிற்று. பழைய கருவியையும் ஒரு வழியாக விட்டுவையுங்கள் என்று அவர்கள் கேட்டது முறையான வேண்டுகோளே. அது நிறைவேறவில்லை.

வரவேற்றவர்கள் கூறியதிலும் உண்மை இருந்தது. பழைய முறையில் பொத்தானை அழுத்துவதில் தேடல் ஏதும் இல்லை. அழுத்தியவனுக்கு எல்லாம் கிடைத்தது; கிடைத்தவற்றுள் பெரும்பகுதியை அவன் பொருட்படுத்தவும் இல்லை. புதிய முறையில், விலைபோகாத பனிக்கோளும் முள்ளை நிறுத்தித் தெளியவைக்கும் அந்தச் சில நொடிகளுக்கேனும் ஒருவருடைய முழுக் கவனத்தைப் பெற்றது. வேறொரு பயனும் உண்டு. பல்லாயிரம் ஒளிநொடிக்கு அப்பால் கிடக்கும் உலகத்தையும் நுழைந்த இடத்திலிருந்தே அறியலாம். அறிந்தவர் பெயரும் அதில் பொறிக்கப்படும். ஆக, கால் உழைப்பு குறைந்து கண் உழைப்பும் செவி உழைப்பும் கூடின. எதிர்த்தவர்களோ ஆதரித்தவர்களோ இந்தக் கொடுக்கல் வாங்கலைப் போதிய அளவு எடை போட்டதாகத் தெரியவில்லை. தாழப் பறந்து, நிழலையும் நிறத்தையும் மட்டுமே நம்பி, மணிக்கணக்கில் ஒரு நிலவின் பள்ளத்தாக்குகளில் வெந்நீர் ஊற்றைத் தேடிய கைத்திறனும் இதில் வழக்கொழிந்தது. கணைகள் மூடிய கோளில் ஊற்று எங்கே, உயிர் எங்கே என்று வரைபடமே சொல்லிவிடுகிறது. அந்தத் திறனை இழந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் அந்த இழப்பு பேசப்படவில்லை.

எனினும் மாற்றம் நன்றே என்று கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதை விளக்க விளையாட்டை விட்டு மெய்யான வானத்துக்கு, அதுவும் அண்டை மலைக்கே, செல்ல வேண்டும். தருமபுரிக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்துக் காவலூர் உள்ளது. ஊர் விளக்கொளி படாத, வானம் தெளிந்த இடமென்று 1960களில் வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்த இடம் அது. இன்று அவ்வாய்வகம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1972 முதல் அங்கே ஒரு மீட்டர் அளவுள்ள தொலைநோக்கி இயங்கிவருகிறது. 1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடக்கும் வேளையை எதிர்பார்த்து, ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அத்தொலைநோக்கி வழியே அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். ஒளிக்கோடு சில நொடிகள் தாழ்ந்து மீண்டும் எழுந்தது. ஏதோ ஒன்று இடையே கடந்து சென்றது என்பது உறுதி. அது யுரேனசின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதி, 'நேச்சர்' ஆய்விதழில் அவ்வாறே எழுதினர். அதே இரவு, தொலைநோக்கி பொருத்திய வானூர்தியில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் எலியட்டின் அமெரிக்கக் குழுவுக்குக் கோளின் இருபுறமும் அத்தகைய மங்கல்கள் பல கிடைத்தன. ஒருபுறம் வந்தவை மறுபுறமும் அதே ஒழுங்கில் வந்ததைக் கொண்டு, அவை யுரேனசைச் சுற்றியுள்ள வளையங்கள் எனத் தெளிவாயிற்று. கண்டுபிடிப்பின் முதற்பெயர் அக்குழுவுக்குச் சென்றது. காவலூரில் கிடைத்த பதிவும் அவ்வளையங்களுக்குச் சான்றாக நின்றது.

காவலூரார் கண்டதில் பிழையேதும் இல்லை. அன்றிரவு அவர்கள் நின்ற இடத்தில் கிடைத்தது ஒரு கோட்டின் சிறு பள்ளம். அதைப் படித்தறிவது வேறு வேலை. மங்கலைக் கண்டது காட்சி. அதை வளையம் எனக் கொண்டது கால்கோள். மெய்யான வானியலில் பொத்தானை அழுத்தியதும் படங்கள் விரிவதில்லை. ஒளிக்கோட்டின் மேடு பள்ளங்களே வருகின்றன. அவற்றுக்கு முன் அமர்ந்து முள்ளை நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். 2018இன் மாற்றம் ஆட்டத்தை அந்த மேசைக்கு அருகே கொண்டுவந்தது. பழந்தேடலரின் மலையுச்சிப் பார்வை அழகியது. ஆனால் அது வானம் எவர்க்கும் அளிக்காத பார்வை.

மண்ணுக்குத் திரும்பினாலும் இதே செய்திதான். 1970களில், இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று நடுகற்களைத் தேடினர். அக்கற்கள் ஒளிந்திருக்கவில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நின்றன. ஊரார் சிலவற்றுக்கு எண்ணெய் பூசி வேடியப்பன் என்று வழிபட்டனர். நாள்தோறும் கண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் வட்டெழுத்தைப் படிக்கக் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் மெல்ல அடித்து, தாள் எழுத்தின் பள்ளத்தில் பதிந்தபின் மையொற்றிப் படியெடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரே இன்ன பல்லவ மன்னனின் இன்ன ஆட்சியாண்டில், தொறு மீட்கும் பூசலில், இன்னான் பட்டான் என்ற செய்தி வெளிப்பட்டது. முதலில் கண்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. முதலில் வரைந்தவர் யாரென்று சொல்லலாம்.

அந்தக் கல்லில் யார் பெயர் நிற்கிறது என்பதும் எண்ணத்தக்கது. அரசன் பெயர் உண்டு. வீரன் பெயர் உண்டு. அவனுடைய தலைவன் பெயர் உண்டு. செதுக்கிய கைக்கு உரியவன் பெயர் பெரும்பாலும் இல்லை. மலையில் அந்தக் கல்லை முதலில் கண்டு, இதுவே ஏற்றது என்றவன் பெயர் எதிலும் இல்லை. அதியமானின் நடுகல்லுக்குப் படையலிட்டதைப் பாடிய ஔவையின் பெயர் நிற்பது ஏட்டினால், கல்லினால் அன்று. ஆட்டமோ இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. அங்கே உலகங்களுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த பட்டியற் குறிகள் மட்டும் உண்டு. பெயர் கண்டவனுக்குத்தான். 2016இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை என்னும் மற்றொரு விண்வெளி ஆட்டத்தில், கண்ட கோளுக்குக் கண்டவரே விரும்பிய பெயர் இடலாம். அதில் காதலியின் பெயர் தாங்கிய கோள்களும் நாய்க்குட்டியின் பெயர் தாங்கிய கோள்களும் பெருகின. எலைட் டேஞ்சரஸில் அந்த உரிமை இல்லாதது குறையெனச் சிலர் கருதுவர். உலகத்தின் மேல் தன் மொழியைத் திணிக்காமல் அதன் பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு விலகுவதில் ஒரு நாகரிகம் இருப்பதாகவும் கொள்ளலாம்.

பெயர்கள் இரண்டோடு நிற்கவில்லை. 2021 மே மாதத்தில் ஒடிசி என்னும் விரிவு வந்தபோது, மெல்லிய வளிமண்டலம் உள்ள கோள்களில் தேடலர் கலத்தை விட்டு இறங்கி நடக்கலாம் என்றாயிற்று. 'முதலில் கால் பதித்தவர்' என்று மூன்றாம் வரி சேர்ந்தது. உயிரினங்களைப் பதிவு செய்ய வேண்டுமெனில், ஒரே இனத்தை மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று போதிய தொலைவில், கண்டு மாதிரி எடுக்க வேண்டும். ஒன்றைக் கண்டதும் அறிந்ததாகிவிடாது என்பதே அவ்விதியின் உட்பொருள். 2018இல் குறைந்த கால் உழைப்பு மூன்றாண்டு கழித்து, இம்முறை மெய்யாகவே பாதங்களின் உழைப்பாக, திரும்பி வந்தது. வரைபடத்தில் நீலமாக மின்னும் பகுதியில் இறங்கி, முழங்கால் உயரப் பாசியைத் தேடிப் பாறையிடுக்குகளில் அலையும் தேடலர், பழந்தேடலர் இழந்த கைத்திறனில் ஒரு பகுதியையேனும் மீண்டும் பெற்றார் எனலாம். 2025 பிப்ரவரியில், கண்ட இடங்களில் நிலையங்கள் எழுப்பிக் குடியேறவும் வழி பிறந்தது. அதன் நன்மை தீமைகள் தனியே பேசவேண்டியவை.

மாற்றம் வந்த மறுமாதமே, 2019 ஜனவரி 13 அன்று, பெரும்பயணம் ஒன்று புறப்பட்டது. டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 என்று ஆட்டக்காரர்களே பெயரிட்டு, அவர்களே ஏற்பாடு செய்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். புதிய கருவியை எல்லாரும் புதிதாகப் பழகிக்கொண்டே சென்ற பயணம் அது. எதிர்த்தவர்களும் அதில் இருந்தனர். மண்டலத்தின் நடுவண் பகுதியை அடைந்தபோது, எல்லாருமாகச் சுரங்கப் பொருள் திரட்டிக் கொடுத்து, அங்கே ஒரு நிலையம் எழ உதவினர். அதுவரை கண்டவற்றை அங்கே விற்றுப் பெயரை உறுதிசெய்துகொள்ள முடிந்தது. அதற்கு அப்பால் நிலையம் ஏதுமில்லை. இலக்கோ மண்டலத்தின் மறுகரையில், கதிரவனிலிருந்து 65,000 ஒளியாண்டுக்கு மேல் தொலைவில் உள்ள ஒரு விண்மீன். டார்வின் சென்ற கப்பலின் நினைவாக அதற்குப் பீகிள் பாயிண்ட் என்று பெயர். மண்டலம் முழுவதிலும் அதுவரை கண்டறியப்பட்ட அமைப்புகள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

2020 ஜூனில் ஆட்டக்காரர் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பெருங்கலங்கள் வந்தன. பின்னாளில் அவற்றிலேயே கண்டவற்றை விற்கவும் வசதி செய்யப்பட்டது. இன்று செல்பவர் அந்தப் பெருங்கலத்தையே தம்முடன் அழைத்துச் சென்று, மறுகரையிலேயே பெயரைப் பொறித்துக்கொள்ளலாம். 2019இல் சென்றவர்க்கு அது வாய்க்கவில்லை. பீகிள் பாயிண்டின் வெளிறிய ஒளியில் கலத்தை நிறுத்தி, சங்கோசை எழுப்பி, முள்ளை நகர்த்தி, அங்கே தெளிய வேண்டியவற்றை எல்லாம் தெளிந்து முடித்தபின், நடுவண் நிலையத்துக்கு ஏறத்தாழ 40,000 ஒளியாண்டு வழியை, கண்டவை அனைத்தையும் சுமந்துகொண்டு, பாய்ச்சல் பாய்ச்சலாக அவர்கள் திரும்பிக் கடக்க வேண்டியிருந்தது.